டச் பேனலில் ‘டக்’ வேண்டும், வருவது ‘ஙொய்ங்’

அவிநாசிரோடு எழுதியது:

வணக்கம். திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கு கன்ட்ரோல் பேனல் கட்டிக் கொடுக்கும் சின்ன யூனிட் என்னுடையது. நானும் இரண்டு பையன்களும்தான். பன்னிரண்டு வருடமாக 22 மிமீ புஷ் பட்டன், செலக்டர் சுவிட்ச், பச்சை சிவப்பு விளக்கு என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லோருக்கும் டச் ஸ்கிரீன் வேண்டும். போன வருடம் 10.1 அங்குல கெபாசிட்டிவ் டச் வைத்து ஆறு பேனல் கொடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிரச்சினை ராத்திரி ஷிப்டில் வந்தது. ஆபரேட்டர் ஈரக்கையோடு, சில நேரம் ரப்பர் கையுறையோடு நிற்கிறார். சோடாவை அளந்து சாயத்தில் விடுகிற டோசிங் பட்டனைத் தொட்டிருக்கிறார். திரை நிறம் மாற அரை நொடி ஆனது. படவில்லை என்று நினைத்து மறுபடியும் தொட்டுவிட்டார். இரண்டு டோசிங்கும் ஓடி, ஒரு லாட் துணி திட்டுத்திட்டாகச் சாயம் ஏறிவிட்டது. அதற்கு சாஃப்ட்வேரில் இன்டர்லாக் (தப்பான நேரத்தில் வரும் கட்டளையை மறுக்கும் தடை) போட்டுவிட்டேன், இனி அது நடக்காது. ஆனால் ஃபோர்மேன் சொன்னது மனதிலேயே நிற்கிறது: “பட்டன் அமுக்கினா கைக்குத் தெரியும்ங்க. இதுல சுவத்தத் தொட்ட மாதிரி இருக்கு.”

சரி, போனில் வருகிற மாதிரி அதிர்வு கொடுப்போம் என்று செல்போன் ரிப்பேர் கடையில் 10 மிமீ காசு மோட்டார் நான்கு வாங்கி வந்தேன். திரைக்குப் பின்னால் நான்கு மூலையிலும் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினேன். தொட்டால் 80 மில்லி விநாடி ஓடும்படி புரோகிராம்.

வந்தது ‘டக்’ இல்லை. பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம். விரலை எடுத்த பிறகும் ஓடுகிறது. சில நேரம் பலமாக, சில நேரம் ஒன்றுமே இல்லாமல், அலை மாதிரி ஏறி இறங்குகிறது. ஸ்க்ரூவை இறுக்கினால் சத்தம்தான் கூடுகிறது. எம்பியு6050 என்ற முடுக்க சென்சாரைக் கண்ணாடியில் ஒட்டி அளந்ததில் 0.1 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கு பக்கம்தான் காட்டுகிறது.

திரையும் கண்ணாடியும் சேர்த்து 400 கிராம். எஸ்எஸ் பெட்டி 3 கிலோ. 24 வோல்ட் சப்ளை இருக்கிறது. ஒரு பேனலுக்கு 1500 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். பெரிய மோட்டார் போடலாமா? இல்லை, இதெல்லாம் நமக்கு ஆகாத வேலையா?

---

சோல்டர்புகை எழுதியது:

மோட்டாரைத் தூக்கிப் போடுங்கள். எல்ஆர்ஏ (லீனியர் ரெசனன்ட் ஆக்சுவேட்டர்) வாங்குங்கள். உள்ளே ஒரு எடை, ஒரு ஸ்பிரிங், ஒரு காயில், அவ்வளவுதான். சுற்றாது, மேலும் கீழுமாக ஆடும். 175 அல்லது 235 ஹெர்ட்ஸ் என்று ஒரே ஒரு அதிர்வெண்ணில்தான் நன்றாக ஓடும். ஊஞ்சலைத் தள்ளுவது மாதிரி, நேரம் தப்பித் தள்ளினால் ஏறாது. பத்து ஹெர்ட்ஸ் விலகினாலே பலம் படுத்துவிடும்.

அதற்குத்தான் டிஆர்வி2605எல் என்று ஒரு டிரைவர் சிப் இருக்கிறது. ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பில் பேசும். எல்ஆர்ஏ திருப்பி அனுப்புகிற மின்னழுத்தத்தைப் பார்த்து அதன் இயற்கை அதிர்வெண்ணைத் தானே பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் கூடுதல் வோல்ட் கொடுத்து வேகமாகக் கிளப்பும், முடிவில் தலைகீழாக ஓட்டிப் பிரேக் போடும். உள்ளேயே 123 அதிர்வு வகைகள் பதிந்திருக்கின்றன. முதல் நம்பரே பலமான க்ளிக்தான். ஒரு நாள் வேலை.

---

செம்புக்கம்பி எழுதியது:

தம்பி, சோல்டர்புகை சொன்ன சிப் நல்ல சிப். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் வியாதி டிரைவரில் இல்லை.

முதலில் உங்கள் 0.1 ஜி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். காசு மோட்டார் டேட்டாஷீட்டில் 1 ஜி என்று போட்டிருப்பான். அது 100 கிராம் கட்டையில் கட்டி அளந்தது. 100 கிராமில் 1 ஜி என்றால் சுமார் 1 நியூட்டன் விசை. நான்கு மோட்டாருக்கு 4 நியூட்டன். நீங்கள் ஆட்டுவது எவ்வளவு? திரையை பெட்டியோடு இறுக்கி ஸ்க்ரூ போட்டிருக்கிறீர்கள், ஆக மொத்தம் 3.4 கிலோ. வகுத்துப் பாருங்கள், 0.12 ஜி. உங்கள் சென்சார் சரியாகத்தான் காட்டுகிறது. 200 ஹெர்ட்ஸில் அந்த 0.12 ஜி என்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவான அசைவு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அதே 4 நியூட்டன் திரையை மட்டும் ஆட்டினால்? 1 ஜி. ஒரு பைசா செலவில்லாமல் எட்டு மடங்கு. ஆகவே முதல் வேலை மோட்டார் மாற்றுவது இல்லை, திரையைப் பெட்டியிலிருந்து பிரித்து ரப்பரில் தொங்கவிடுவது. போனில் இந்தக் கஷ்டம் கிடையாது, ஏனென்றால் மொத்த போனே 200 கிராம்தான், அதையும் கையில் பிடித்திருக்கிறோம். பேனல் சுவரில் இருக்கிறது.

இரண்டாவது, அந்த அலை. நான்கு மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றாது. ஒன்று 180, இன்னொன்று 190 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்குப் பத்துத் தடவை சேர்ந்தும் பிரிந்தும் ஆடும். அதுதான் நீங்கள் பார்த்த ஏற்ற இறக்கம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே தகட்டில் இருக்கும் இரண்டு மோட்டார்கள் சில சமயம் தகடு வழியாகவே ஒன்றையொன்று பிடித்து ஒரே வேகத்துக்கு வந்துவிடும், ஆனால் எதிர் எதிராக. அப்போது இரண்டும் ஓடும், தகடு சும்மா இருக்கும். நான் இதை முதலில் பார்த்தபோது வயர் அறுந்துவிட்டது என்று நினைத்து அரை நாள் தேடினேன்.

மூன்றாவது, நேரம். சுற்றுகிற மோட்டாரில் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதி வேகத்தில் கால் பங்கு விசைதான். முழு வேகம் ஏற 50 முதல் 100 மில்லி விநாடி ஆகும். உங்கள் ஆபரேட்டர் விரல் கண்ணாடியில் இருப்பதே ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். மோட்டார் எழுந்து உட்காருவதற்குள் விரல் போய்விடுகிறது. எல்ஆர்ஏ இதைவிடத் தேவலை. ஆனாலும் 175 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 5.7 மில்லி விநாடி, பலம் ஏற நாலைந்து சுற்றாவது வேண்டும். 400 கிராம் கண்ணாடிக்கு ஒன்று போதாது, நான்கு வேண்டும். நான்கும் ஒரே இயற்கை அதிர்வெண்ணில் கிடைக்கிறதா என்று பொறுக்கி எடுக்க வேண்டும்.

பீசோ பற்றி யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மின்னழுத்தம் கொடுத்தால் வளைகிற பீங்கான் தகடுதான் பீசோ, வேகத்தில் ராஜா. 2008-இல் பிளாக்பெர்ரி ஸ்டார்ம் என்று ஒரு போன் வந்தது, திரை மொத்தமும் ஒரே பட்டன் மாதிரி அமுங்கும். அடுத்த வருடம் ஸ்டார்ம் 2-இல் அதை எடுத்துவிட்டு பீசோ வைத்தார்கள். ஆனால் அதற்கு 100 வோல்ட் சுற்றி வேண்டும், தனி பூஸ்ட் சர்க்யூட் வேண்டும், பீங்கான் என்பதால் ஒரு தடவை வளைந்தால் விரிசல். ஆவியும் தண்ணீரும் இருக்கிற சாயப்பட்டறையில் 1500 ரூபாய்க்குள் நான் அதைத் தொடமாட்டேன்.

உங்களிடம் இருப்பது 24 வோல்ட், திருப்பூர், பக்கத்தில் கோயம்புத்தூர். அந்த ஊரில் காயில் சுற்றத் தெரியாதவன் கிடையாது. (நானும் அங்கே ஒரு ரீவைண்டிங் கடையில் பம்ப் மோட்டார் சுற்றித்தான் ஆரம்பித்தேன். இப்போது வேறு ஊரில், வண்டிகளுக்குள் போகிற இதே மாதிரிச் சமாச்சாரம் செய்கிறேன்.) ஆகவே மின்காந்தம் போடுங்கள். கார் டச் ஸ்கிரீன்களில் இந்த வழி உண்டு. காந்தம் பெட்டியில், இரும்புத் துண்டு திரையில். ஒரே ஒரு இழுப்பு. ஆட்டம் இல்லை, இழுப்பு.

கணக்கு இதோ. 400 கிராம் திரைக்கு 5 ஜி உச்சம் வேண்டும் என்றால் 20 நியூட்டன். யு வடிவ ஸ்டாம்பிங், ஒவ்வொரு காலின் முகமும் 1 சதுர செமீ. இடைவெளி 0.5 மிமீ. 200 சுற்று, 2 ஆம்பியர். சரியாக 20 நியூட்டன் வருகிறது. இரும்பில் காந்தப்புலம் 0.5 டெஸ்லாதான், நிறையவே மிச்சம் இருக்கிறது. இண்டக்டன்ஸ் 5 மில்லி ஹென்றி, ஆகவே 24 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஏற அரை மில்லி விநாடிகூட ஆகாது. எந்த மோட்டாரும் இதன் பக்கத்தில் வர முடியாது.

மூன்று எச்சரிக்கை. கட்டி இரும்பில் செய்யாதீர்கள், உள்ளே சுழல் மின்னோட்டம் ஓடி வேகத்தைக் கெடுக்கும், டிரான்ஸ்ஃபார்மர் தகடுதான். விசை இடைவெளியின் வர்க்கத்துக்குத் தலைகீழ்: 0.5 மிமீ இருக்க வேண்டிய இடத்தில் பையன் 0.3 வைத்துவிட்டால் 20 நியூட்டன் 56 ஆகிவிடும். அப்புறம், காயில் மின்தடை 2 ஓம்தான் இருக்கும், கரண்டை ஆன், ஆஃப் செய்கிற மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகி நின்றால் 12 ஆம்பியர் ஓடிப் புகை வரும். ஃபியூஸ் போடாமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

---

அவிநாசிரோடு எழுதியது:

அண்ணா, வகுத்துப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரமாக 3 கிலோ எஸ்எஸ் பெட்டியை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். ரப்பர் எவ்வளவு மெத்தென்று இருக்க வேண்டும்? திரை உள்ளே அமுங்கினால் ஆபரேட்டர் பயந்துவிடுவார். காந்தம் எந்தப் பக்கம் இழுக்க வேண்டும், உள்ளேயா பக்கவாட்டிலா? பட்டன் உள்ளேதானே போகும்?

---

நுனிவிரல் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், தொடு உணர்வுதான் என் வேலை.

விரல் தோலுக்கு ஆழத்தில் பாசினியன் என்று ஒரு வகை உணரிகள் இருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் அளவில், வெங்காயம் போல அடுக்கடுக்காக இருக்கும். நிலையான அழுத்தம் அவற்றுக்குத் தெரியாது, மாற்றம்தான் தெரியும். 40 ஹெர்ட்ஸிலிருந்து சில நூறு ஹெர்ட்ஸ் வரை உணரும், 250 பக்கத்தில் கூர்மை மிக அதிகம். ஆனால் எங்கே, எந்தப் பக்கமாக என்பதில் அவை மந்தம். அதனால் சில மில்லி விநாடி நீள அசைவு பக்கவாட்டில் வந்தாலும், விரல் அமுக்கிக்கொண்டிருக்கும்போது மூளை அதைக் கீழே அமுங்கியதாகத்தான் எடுத்துக்கொள்ளும். 2015-இல் ஆப்பிள் மேக்புக்கில் கொண்டுவந்த டிராக்பேடு அப்படித்தான் செய்கிறது. க்ளிக் ஆனது போலத் தெரிகிற அந்தத் தகடு கீழே இறங்குவதே இல்லை. மடிக்கணினியை அணைத்துவிட்டு அமுக்கிப் பாருங்கள், கல் மாதிரி இருக்கும்.

பக்கவாட்டில் இன்னொரு லாபம்: சத்தம் குறைவு. கண்ணாடியை முன்னும் பின்னுமாக ஆட்டினால் அது ஸ்பீக்கர் கோன் மாதிரி காற்றைத் தள்ளும். உங்கள் ‘ஙொய்ங்’கில் பாதி இரும்புப் பெட்டி பாடியது.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த ‘டக்’ எதைச் சொல்கிறது? விரல் பட்டது என்றா, டோசிங் ஆரம்பித்துவிட்டது என்றா? பழைய புஷ் பட்டனில் காண்டாக்ட் மூடுவதும் கையில் தட்டுப்படுவதும் ஒன்றேதான். உங்கள் திரையில் அப்படி இல்லை. தொட்டதுமே டக் என்று கொடுத்துவிட்டு, மெஷினை ஓட்டுகிற கன்ட்ரோலரான பிஎல்சி இன்டர்லாக்கில் அதை மறுத்துவிட்டால், கை ‘ஆயிற்று’ என்று நம்பிக்கொண்டு போய்விடும். முன்பு ஒன்றும் சொல்லாத பேனல், இப்போது பொய் சொல்கிற பேனலாகிவிடும்.

---

செம்புக்கம்பி எழுதியது:

நுனிவிரல் கேட்டது லட்ச ரூபாய்க் கேள்வி. நான் இந்த வேலைக்கு வந்து நாலு வருடம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. நாங்கள் செய்த ஒரு திரையில் க்ளிக் அத்தனை அருமையாக இருந்தது, அதற்குப் பின்னால் சாஃப்ட்வேர் 300 மில்லி விநாடி தூங்கியது. ஓட்டிப் பார்த்தவர் எல்லோரும் திரையைத்தான் திட்டினார்கள்.

ரப்பர் கணக்கு. இயற்கை அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 400 கிராமுக்கு மொத்த விறைப்பு 57 நியூட்டன்/மிமீ. நான்கு மூலைக்கும் பிரித்தால் ஒன்றுக்கு 14 சொச்சம். ஷோர் 40 கடினமுள்ள ரப்பரில் 12 மிமீ சதுரம், 5 மிமீ கனத்தில் வெட்டினால் சறுக்கும் திசையில் ஏறக்குறைய அதே விறைப்பு வரும். தட்டை ரப்பரின் அழகு என்னவென்றால் சறுக்கும் திசையில் மெத்து, அமுக்கும் திசையில் விறைப்பு. ஆபரேட்டர் அமுக்கினால் உள்ளே போகாது, காந்தம் இழுத்தால் பக்கவாட்டில் நகரும்.

காந்தத்தை வலது அல்லது இடது ஓரத்தில் வையுங்கள், மேலேயோ கீழேயோ வேண்டாம். திரை செங்குத்தாகத் தொங்குகிறது, தன் எடையிலேயே 0.07 மிமீ கீழே இறங்கும். ஓரத்தில் வைத்தால் அந்த இறக்கம் உங்கள் 0.5 மிமீ இடைவெளியைத் தொடாது.

2 ஆம்பியரில் வெட்டுகிற மாதிரி ஒரு சென்ஸ் ரெசிஸ்டரும் கம்பரேட்டரும் போடுங்கள். மொத்தத் துடிப்பு 1.5 மில்லி விநாடி போதும். காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு போட்டால் கரண்ட் முழுதாக இறங்க ஐந்து மில்லி விநாடி பக்கம் இழுக்கும். டயோடோடு 33 வோல்ட் ஜீனர் ஒன்றைச் சேர்த்தால் 0.3-இல் செத்துவிடும். மாஸ்ஃபெட் 100 வோல்ட் தாங்குகிறதாக எடுங்கள். பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், இல்லையென்றால் ஒவ்வொரு டக்குக்கும் பிஎல்சி-யின் 24 வோல்ட் தும்மும்.

---

வழிப்போக்கன்77 எழுதியது:

எதற்கு இவ்வளவு இரும்பு? கண்ணாடியிலேயே மின்னழுத்தம் கொடுத்து விரலுக்குச் சொரசொரப்புக் காட்டுகிற முறை இருக்கிறதே, அசையும் பாகமே கிடையாது. 2010-இலேயே டெஸ்லாடச் என்று டிஸ்னி ஆராய்ச்சிக் கூடத்தில் செய்து காட்டிவிட்டார்கள்.

---

நுனிவிரல் எழுதியது:

அழகான வேலைதான் அது. ஆனால் விரல் நகரும்போது உராய்வை மாற்றுவதுதான் அதன் வித்தை. ஒரே இடத்தில் தொட்டு எடுக்கிற விரலுக்கு ஒன்றும் தெரியாது. ஈரக்கை, ரப்பர் கையுறை என்றால் சுத்தம்.

---

அவிநாசிரோடு எழுதியது:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் ஒரு பம்ப் பேனல் டெலிவரி.

காயிலை கோயம்புத்தூரில் கொடுத்துச் சுற்றினேன். 28 கேஜ் கம்பி, 200 சுற்று. சுற்றியவர் “இத்தனூண்டு மோட்டாரா சார்” என்று கேட்டார். காந்தம் என்றதும் காசே வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

முதல் சோதனையில் கரண்ட் வெட்டுகிற சர்க்யூட் இன்னும் வரவில்லை. பொறுமை இல்லாமல் வெறும் 3 மில்லி விநாடி ஆன் கொடுத்தேன். ‘டங்’ என்று சுத்தியல் அடித்த சத்தம். இரும்பு போய்க் காந்தத்திலேயே முட்டிவிட்டது. கண்ணாடி தப்பித்தது கடவுள் புண்ணியம்.

சர்க்யூட் போட்ட பிறகு 1.5 மில்லி விநாடியில் அடித்தேன். அண்ணா, அந்த முதல் டக் வந்தபோது பையன்கள் இரண்டு பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஐம்பது தடவையாவது தொட்டிருப்பார்கள்.

ஆனால் இரண்டு குறை. சென்சார் வரைபடத்தில் உச்சி 2 ஜி-யில் கத்தி வைத்த மாதிரி தட்டையாக நிற்கிறது. 5 ஜி என்றீர்களே? அப்புறம், டக் முடிந்ததும் ஒரு வால் இருக்கிறது, ‘டக்ம்ம்ம்’ என்று. விரலில் தெளிவாகத் தெரிகிறது.

---

சோல்டர்புகை எழுதியது:

எம்பியு6050-ஐ ஆன் செய்ததும் அது பிளஸ் மைனஸ் 2 ஜி அளவில்தான் நிற்கும். அதற்கு மேல் வெட்டிவிடும். ரிஜிஸ்டரில் 16 ஜி என்று மாற்றுங்கள். உங்கள் காந்தத்தைக் குறை சொல்லாதீர்கள். (எல்ஆர்ஏ யோசனையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சிப் மட்டும் நல்ல சிப்.)

---

செம்புக்கம்பி எழுதியது:

வால் வருவது அந்த 60 ஹெர்ட்ஸ் ஊஞ்சல். கோயில் மணியை அடித்துவிட்டுக் கையால் பிடித்தால் நிற்கிறதல்லவா, அதைச் செய்ய வேண்டும். காந்தத்துக்குத் தள்ளத் தெரியாது, இழுக்க மட்டும்தான் தெரியும். ஆகவே திரை காந்தத்தை விட்டு விலகி ஓடும் நேரம் பார்த்து ஒரு சின்ன இழுப்பு. 60 ஹெர்ட்ஸில் பாதிச் சுற்று 8.3 மில்லி விநாடி. முதல் துடிப்பு முடிந்து அந்தப் பக்கத்தில் ஆரம்பித்து, முன்னும் பின்னும் அரை அரை மில்லி விநாடி நகர்த்திப் பாருங்கள். தப்பான நேரத்தில் இழுத்தால் வால் நீளும், அதில் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது துடிப்பு முதலாவதைவிடச் சின்னதாக இருக்கட்டும்.

---

அவிநாசிரோடு எழுதியது:

கடைசி நிலவரம்.

9 மில்லி விநாடியில் பிரேக் துடிப்பு வைத்ததும் வால் போய்விட்டது. 8.3 இல்லை, 9. என் ரப்பர் உங்கள் கணக்கைவிடக் கொஞ்சம் மெத்து போலிருக்கிறது. 16 ஜி-க்கு மாற்றி அளந்ததில் உச்சம் 4 ஜி சுற்றி வருகிறது. விரலுக்கு அதுவே தாராளம். கையுறையோடும் தெரிகிறது.

இரண்டாவது பேனலில் திரும்பவும் செத்துப்போன டக். காந்தம் சரி, கரண்ட் சரி, இடைவெளி சரி. அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் கேஸ்கட். தண்ணீர் போகாமல் இருக்கச் சிலிகான் கயிற்றை பையன் பழைய பழக்கத்தில் இறுக்கி அமுக்கியிருக்கிறான். திரை ரப்பரில் தொங்கி என்ன பயன், சுற்றிலும் கழுத்தை நெரித்தால். இப்போது மெத்தென்ற குளோஸ்டு செல் ஸ்பாஞ்ச் பட்டை போட்டு, ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் அடித்துப் பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டு இல்லை. திரைக்குப் போகிற ரிப்பன் கேபிளையும் கொஞ்சம் வளைவு விட்டு வைத்திருக்கிறேன், விறைப்பாக இருந்தால் அதுவும் இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளியை இனி கண்ணால் பார்த்து வைப்பதில்லை. 0.5 ஃபீலர் கேஜ் ஒன்று அந்த மேஜையிலேயே கயிறு போட்டுக் கட்டியாயிற்று.

நுனிவிரல் கேட்டதற்கு மூன்று நாள் யோசித்தேன். முதலில் டக் எச்எம்ஐ (திரையை ஓட்டுகிற) புரோகிராம் வழியாகத்தான் போனது, தொட்டு நூறு மில்லி விநாடிக்கு மேல் கழித்து வந்தது. யாரோ பின்னாலிருந்து தட்டுவது மாதிரி இருந்தது. இப்போது டச் கன்ட்ரோலரின் இன்டரப்ட் கம்பியை நேராகச் சின்ன மைக்ரோகன்ட்ரோலருக்கு எடுத்துவிட்டேன், எந்த இடத்தில் பட்டன் இருக்கிறது என்று மட்டும் எச்எம்ஐ அதற்குச் சொல்லி வைக்கிறது. விரல் பட்டதும் ஒற்றை டக், மெதுவாக. பிஎல்சி ஏற்றுக்கொண்டால் மட்டும் ‘டக்-டக்’ என்று பலமாக இரட்டை. மறுத்தால் இரட்டை வராது. யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டாவது நாளே ராத்திரி ஷிப்ட் ஆள் இரட்டை வரும்வரை விரலை எடுக்காமல் நிற்கிறார்.

செலவு 1340 ரூபாய், டீ சேர்க்காமல். எமர்ஜென்சி ஸ்டாப் மட்டும் பழைய சிவப்புக் காளான் பட்டன்தான், அதில் கை வைக்கப்போவதில்லை.

ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு நாலு தடவை தொட்டார். “நல்லாத்தான் இருக்குதுங்க. பழைய பட்டன் மாதிரியே பண்ணிட்டீங்க. அப்ப அந்தப் பட்டனையே விட்டிருக்கலாமில்ல?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

அண்ணா, ஒரே ஒரு கேள்வி மிச்சம். அந்த நான்கு ரப்பர் துண்டும் ஆவியில் எத்தனை நாள் தாங்கும்?

---

செம்புக்கம்பி எழுதியது:

நீங்கள் வெட்டியது சாதாரண இயற்கை ரப்பர் என்றால் சூட்டிலும் ஆவியிலும் நாளாக நாளாக இறுகும். இறுகினால் 60 ஹெர்ட்ஸ் மேலே ஏறும், உங்கள் 9 மில்லி விநாடி பிரேக் தப்பான நேரத்தில் விழும், வால் திரும்ப வரும். ஈபிடிஎம் ரப்பர் கேளுங்கள், ஆவிக்கும் சோடாவுக்கும் அது தாங்கும். அதே ஷோர் 40. மாற்றியதும் பிரேக் நேரத்தை மறுபடியும் தேடிப் பிடியுங்கள்.

ஃபோர்மேனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.